பிளேடுக்கு முன்னால் தண்ணீர்

வட சென்னைத் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர் உண்டு. போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், எப்போது குழாயைத் திறந்தாலும் வரும். வாயில் வைத்தால் கரிக்கும், பக்கெட்டின் உட்புறம் வெள்ளை வெள்ளையாகப் படியும். மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், வரும் நேரம் பார்த்துக் குடத்தில் பிடித்து வைக்க வேண்டும். அது சமையலுக்கும் குடிக்கவும் மட்டும். முகம் கழுவ, குளிக்க, துணி துவைக்க எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான்.

அப்பா பயன்படுத்திய பழைய உலோக ரேசரை எடுத்து முதன்முதலில் ஷேவ் செய்த அன்றும் போர் தண்ணீரைத்தான் எடுத்தேன். கன்னத்தில் பரவாயில்லை. தாடைக்குக் கீழே மூன்று இடத்தில் வெட்டு, மேலுதட்டில் ஒன்று, கழுத்து முழுக்க எரிச்சல். பிளேடு சரியில்லை என்று வேறு பிளேடு வாங்கினேன். அதுவும் அப்படித்தான். கழுத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னவர் தெருமுனை சலூன் அண்ணன்.

"போர் தண்ணிலயா போட்ட? அதான். நுரை நிக்காது தம்பி. நல்ல தண்ணி எடுத்துக்கோ. அப்புறம் ரேசரை அமுக்காத, அது பாட்டுக்குப் போவட்டும்."

நாற்பது வருடம் கத்தி பிடித்தவரின் இந்த இரண்டு யோசனைகளும் ஏன் சரி என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் முடி. தாடி முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நகமும் மாட்டுக் கொம்பும் இதே குடும்பம்தான். கெரட்டின் இழைகளை இரண்டு விதமான பிணைப்புகள் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. கந்தகப் பிணைப்புகள் உறுதியானவை, தண்ணீருக்கு அசையாதவை. ஹைட்ரஜன் பிணைப்புகள் அப்படியில்லை, தண்ணீர் உள்ளே போனதும் அவிழ்ந்துவிடும். முடி ஊறி, விட்டத்தில் சுமார் 15 சதவீதம் பருக்கும். காய்ந்த வெண்டைக்காயையும் ஊறிய வெண்டைக்காயையும் நறுக்கிப் பார்த்தால் கைக்குத் தெரியும் வித்தியாசம் இது. ஆனால் ஊறுவதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். முகத்தின் எண்ணெய்ப் பசை முடியின் மேல் ஒரு பூச்சாக நின்று தண்ணீரைத் தடுக்கும். ஆகவே சோப்பு போட்டு முகம் கழுவிய பிறகு, முடிந்தால் குளித்த பிறகு ஷேவ் செய்வது நல்லது. வெதுவெதுப்பான தண்ணீர் இன்னும் சீக்கிரம் ஊற வைக்கும்.

ஊறிய முடி காயாமல் இருக்க வேண்டும். நுரையின் முதல் வேலை அதுதான். நுரை என்பது சோப்புச் சவ்வுக்குள் அடைபட்ட காற்றும், குமிழிகளுக்கு நடுவே தேங்கி நிற்கும் தண்ணீரும். முடியின் மேல் ஈரத் துணியைச் சுற்றி வைத்தது போல அது நிற்கும். க்ரீமில் உள்ள கிளிசரின் அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரண்டாவது வேலை வழுக்கல். பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு வழுக்குப் படலம் இல்லாவிட்டால் உலோகம் தோலைப் பிடித்து இழுக்கும்.

இங்கேதான் எங்கள் போர் தண்ணீர் கெடுத்துவிடுகிறது. ஷேவிங் க்ரீம் பெரும்பாலும் சோப்புதான், ஸ்டியரிக் என்ற கொழுப்பு அமிலத்தின் பொட்டாசியம், சோடியம் உப்பு. எங்கள் போர் தண்ணீர் கடினத் தண்ணீர், அதில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். சோப்பு அவற்றோடு சேர்ந்ததும் கரையாத பிசுக்காகத் திரிந்துவிடும். பக்கெட்டின் உட்புறம் வழவழவென்று ஒட்டும் அழுக்குப் படலம் அதுதான். நுரையாக வேண்டிய சோப்பு பிசுக்காகப் போய்விடுவதால், எவ்வளவு க்ரீம் பிதுக்கினாலும் நுரை வறண்டு, அரை நிமிடத்தில் அமுங்கிவிடும்.

இதை நீங்களே பார்க்கலாம். ஒரே மாதிரி இரண்டு காலி பாட்டில் எடுங்கள். ஒன்றில் கால் பங்கு போர் தண்ணீர், இன்னொன்றில் அதே அளவு கேன் தண்ணீர். இரண்டிலும் குளியல் சோப்பைச் சீவி ஒரே அளவு துருவல் போட்டு இருபது தடவை குலுக்குங்கள். நான் செய்தபோது கேன் தண்ணீர் பாட்டிலில் கழுத்து வரை நுரை ஏறி அப்படியே நின்றது. போர் தண்ணீர் பாட்டிலில் விரல் தடிமனுக்குக்கூட நுரை வரவில்லை. தண்ணீர் கஞ்சி போலக் கலங்கி, திரிந்த பால் போலத் துணுக்குத் துணுக்காக மேலே மிதந்தது. அந்தத் துணுக்குகளைத்தான் அதுவரை முகத்தில் பூசிக்கொண்டிருந்தேன்.

வட சென்னையில் இது இவ்வளவு மோசமாக இருக்கக் காரணம் உண்டு. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை ஏராளமாக உறிஞ்சியதில், 1960களிலிருந்தே கடல் நீர் நிலத்துக்கடியில் உள்ளே ஏறி வந்திருக்கிறது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் 400 மில்லிகிராம் கால்சியமும் இருக்கும். அதில் கொஞ்சம் கலந்தாலே சோப்புக்கு வேலை கெட்டுவிடும். காய்ச்சினால் சரியாகாதா என்று சிலர் கேட்பார்கள். பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை காய்ச்சினால் போகும். குளோரைடு, சல்பேட்டால் வருவது போகாது. கடலிலிருந்து வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. இதே கடல் நீரைத்தான் காட்டுப்பள்ளியில், 2010இல் திறக்கப்பட்ட ஆலை சவ்வு வழியாக அழுத்தித் தள்ளி, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நல்ல தண்ணீராக்கும் திறனோடு நிற்கிறது.

ஷேவிங்குக்கு ஒரு சொம்பு மெட்ரோ தண்ணீர் போதும். பிரஷை நனைத்து ஒரு உதறு உதறி, பட்டாணி அளவு க்ரீம் வைத்து முகத்திலேயே சுழற்றுங்கள். காய்ந்தால் ஒரு சொட்டு தண்ணீர், மறுபடி சுழற்று. கண்ணுக்குக் குமிழி தெரியாமல், கெட்டித் தயிர் போல வர வேண்டும்.

சரி, இப்போது ரேசர். மூன்றே பாகம்: மேல் தகடு, பற்கள் உள்ள அடித்தகடு, கைப்பிடி. நடுவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள பிளேடு. இவ்வளவு மெல்லிய தகடு முடியில் பட்டதும் துடிக்காமல் எப்படி நிற்கிறது? ஒரு நீளக் காகிதத்தை ஒரு முனையில் பிடியுங்கள், தொங்கிவிடும். அதையே நீளவாக்கில் லேசாகக் குழித்துப் பிடித்தால் விறைத்து நிற்கும். எங்கள் ஏரியா கூரைகளில் தகரம் நெளி நெளியாக இருப்பதும் இதற்குத்தான். கைப்பிடியைத் திருகும்போது மேல் தகடு பிளேடை அப்படியே வளைக்கிறது. மேலும் கீழும் தகடுகள் இறுக்கிப் பிடிக்க, விளிம்பு மட்டும் இம்மியளவு வெளியே தெரியும்.

சலூன் அண்ணன் அதே பிளேடைக் காகித உறையோடு சேர்த்து நீளவாக்கில் மடிப்பார். டிக் என்று ஒரு சத்தம். பிளேடு இரண்டாகிவிடும், பாதியை கத்தியில் செருகுவார். ரேசரிலும் அவர் கையிலும் பிளேடு வளைவது ஒரே திசையில்தான். கொஞ்சம் வளைத்தால் வில் போலத் திரும்பி நேராகும், மேலும் வளைத்தால் நசுங்காமல் உடையும். சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்கிய எஃகின் குணம் அது. அந்தக் கடினம் இல்லாவிட்டால் கூர் நிற்காது. இந்த மெல்லிய பிளேடு ரேசரைக் கண்டுபிடித்த கிங் கேம்ப் ஜில்லெட்டை முதலில் தடுத்ததும் இதே இடம்தான். மெல்லிய தகட்டைக் கோணாமல் கடினமாக்கிக் கூர் தீட்ட முடியாது என்று உலோகம் தெரிந்தவர்களே சொன்னார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதற்கு வழி கண்டார். 1903இல் விற்றது 51 ரேசரும் 168 பிளேடும். 1904இல் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்கு 35 லட்சம் ரேசர் போனது.

இனி "அமுக்காத" என்பதற்கு வருவோம். தோல் மெத்தை போன்றது. ரேசரை அழுத்தினால் பிளேடுக்கும் பற்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் தோல் பிதுங்கி மேலே வரும். பிதுங்கிய தோல் பிளேடின் பாதையிலேயே நிற்கிறது, வெட்டுப்படுகிறது. பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜ் ரேசர் எடை குறைவு, அதை அழுத்திப் பழகிய கை இதிலும் அழுத்தும். உலோக ரேசருக்கு அதன் எடையே போதும். கைப்பிடியின் நுனியை விரல்களால் லேசாகப் பிடித்தால் அழுத்தவே முடியாது.

கோணம் சுமார் 30 டிகிரி. அளந்து பார்க்கத் தேவையில்லை. மேல் தகட்டைக் கன்னத்தில் படுக்க வையுங்கள், பிளேடு தொடாது. கைப்பிடியை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே சின்னதாக நகர்த்துங்கள். ஒரு கட்டத்தில் சரசரவென்று முடி வெட்டுப்படும் சத்தம் கேட்கும். அதுதான் கோணம். அந்தச் சத்தத்தைக் கேட்கவே நான் ஷேவ் செய்யும்போது ஃபேனை நிறுத்திவிடுவேன்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது, பிளேடைப் பக்கவாட்டில் இழுப்பது. காசிமேட்டில் மீன் வெட்டுபவர்களைப் பாருங்கள், கத்தியை அமுக்கி வெட்ட மாட்டார்கள், இழுப்பார்கள். விளிம்பு நழுவி ஓடும்போது கொஞ்ச விசையிலேயே சதை பிளந்துவிடும். என் மேலுதட்டு வெட்டு அப்படி வந்ததுதான்.

முதல் மாதம் முடி வளரும் திசையிலேயே ஷேவ் செய்யுங்கள். கழுத்தில் அந்தத் திசை ஆளுக்கு ஆள் மாறும், இரண்டு நாள் தாடியில் விரலால் தடவினால் எந்தப் பக்கம் குத்துகிறது என்று தெரிந்துவிடும். இன்னும் மழுமழுவென்று வேண்டுமானால் மறுபடி நுரை போட்டுக் குறுக்காக ஒரு முறை. எதிர்த்திசை கை பழகிய பிறகு போதும். சுருட்டை முடிக்காரர்கள் அதையும் தவிர்க்கலாம், மிக ஒட்ட வெட்டிய முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து பருவாகும்.

முடியை விட எஃகு சுமார் 50 மடங்கு கடினம். பிறகு ஏன் பிளேடு மழுங்குகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஷேவ் செய்த பிளேடுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து 2020இல் விளக்கினார்கள். விளிம்பு தேய்ந்து உருண்டு போவதை விட, அங்கங்கே சில்லு சில்லாகப் பெயர்வதே அதிகம். முடி சாய்ந்து நின்று, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் மோதினால் அந்த இடம் உடைகிறது. எனக்கு ஒரு பிளேடு நான்கு ஷேவ் வரும். முடியைப் பிடித்து இழுப்பது போல் பட்டால் அன்றே மாற்றிவிடுவேன்.

எங்கள் ஊரில் பிளேடுக்கு இன்னொரு எதிரி உப்பு. துருப்பிடிக்காத எஃகைக் காப்பது மேலே உள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். குளோரைடு அதைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். ஷேவ் முடிந்ததும் ரேசரை நல்ல தண்ணீரில் அலசி, உதறி, காற்றில் வைக்கிறேன். விளிம்பைத் துணியால் துடைப்பதில்லை. முகத்தை அலசியபின் படிகாரக்கல்லை நனைத்து ஒரு தேய்ப்பு. அதிலுள்ள அலுமினியம் உப்பு புரதத்தை உறைய வைத்துச் சின்னக் கசிவை நிறுத்தும். எங்கே சுரீர் என்கிறதோ அங்கே அன்று அழுத்திவிட்டேன் என்று அர்த்தம்.

பழைய பிளேடுகளைக் குப்பையில் போடுவதில்லை. எங்கள் குப்பை கொடுங்கையூர் குப்பைமேடு வரை போகும், வழியில் எத்தனையோ பேர் கையால் பிரிக்கிறார்கள். ஒரு பால்பவுடர் டின்னின் மூடியில் பிளேடு நுழையும் அளவு கீறி வைத்திருக்கிறேன். சலூன் அண்ணனும் ஒன்று வைத்திருக்கிறார், அவருடையது பெரிய பிஸ்கட் டின்.