தண்ணீரின் பி.எச் ஏன் 7?

பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் போன வாரம் கேட்டாள்: "தண்ணி அமிலமும் இல்ல, காரமும் இல்லன்னா அதோட பி.எச் பூஜ்யமாத்தானே இருக்கணும் மாமா, எப்படி 7 வந்தது?" அருமையான கேள்வி.

விஷயம் என்னவென்றால், பி.எச் என்பது ஹைட்ரஜன் அயனி, அதாவது எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன், எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் எண். எவ்வளவு சுத்தமான தண்ணீரிலும் அந்த அயனி உண்டு. நீர் மூலக்கூறுகள் ஓயாமல் முட்டி மோதிக்கொள்ளும்போது எங்காவது ஒன்று தன் ஹைட்ரஜன் கருவைப் பக்கத்து மூலக்கூறிடம் பறிகொடுத்துவிடும். 25 டிகிரி செல்சியஸில் சுமார் 55 கோடியில் ஒன்றுதான் இப்படிப் பிரிந்திருக்கும். கணக்குப் போட்டால் லிட்டருக்கு 0.0000001 மோல் (மோல் என்பது அணு, மூலக்கூறுகளை எண்ணும் அலகு), அதாவது பத்தின் அடுக்கு −7. இத்தனை பூஜ்யத்தை யார் எழுதுவது? 1909-இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியலாளர் சோரன்சென், அந்த அடுக்கான −7-ஐ மட்டும் எடுத்து, அதன் கழித்தல் குறியையும் விட்டுவிட்டார். அதனால்தான் 7, அதனால்தான் எண் ஒன்று குறைந்தால் அயனி பத்து மடங்கு கூடுகிறது. பி.எச் 2-ஐ ஒட்டி இருக்கும் எலுமிச்சைச் சாற்றில் தண்ணீரைவிட ஏறக்குறைய லட்சம் மடங்கு.

சரி, எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஹைட்ரஜன் அணுவில் இருப்பதே ஒரு எலக்ட்ரான், அதுவும் போனால் மிச்சம் வெறும் புரோட்டான். அது தனியாகத் திரியாது, ஒரு நீர் மூலக்கூறோடு ஒட்டி ஹைட்ரோனியம் ஆகிவிடும். ஹைட்ரோனியம் ஒன்றும் சின்ன ஆள் இல்லை, தண்ணீரைப் பிளந்துகொண்டு நீந்தினால் சோடியம் அயனி மாதிரி மெதுவாகத்தான் போக வேண்டும். ஆனால் மின்புலத்தில் ஹைட்ரஜன் அயனி சோடியத்தைவிட ஏழு மடங்கு வேகமாக நகர்கிறது! எப்படி? நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பள்ளிக்கூட பெஞ்சின் இந்த முனையில் ஒரு பையன் இடித்துக்கொண்டு உட்கார்ந்தால், அந்த முனையில் இருப்பவன் எழுந்துவிட வேண்டியதுதான். உட்கார்ந்தவன் ஒருவன், எழுந்தவன் வேறொருவன். தண்ணீரிலும் அப்படியே. ஹைட்ரோனியத்தின் ஒரு புரோட்டான் பக்கத்து மூலக்கூறுக்குத் தாவ, அது தன்னிடமிருந்த இன்னொன்றை அடுத்ததிடம் தள்ள, மூலக்கூறுகள் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்க, மின்னூட்டம் மட்டும் ஓடிவிடுகிறது. ஒரு தாவலுக்கு ஆகும் நேரம் ஒன்றிரண்டு பிக்கோவினாடி, அதாவது ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஓரிரு பங்கு.

இந்தக் கைமாற்றும் யோசனையை 1806-இலேயே எழுதிவிட்டார் தியோடர் குரோட்டஸ் என்ற வேதியியலாளர். புரோட்டானும் தெரியாது, அயனி என்ற சொல்லும் பிறக்காத காலம். இதனால் என்ன லாபம் என்று கேட்டு அடிப்படை ஆராய்ச்சிக்குக் காசு தர மறுப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: ஹைட்ரஜன் எரிபொருள் மின்கலத்தின் சவ்வுக்குள் புரோட்டான் கடந்துபோவதிலும் இந்தத் தாவலுக்குப் பங்கு உண்டு.

அப்புறம், 'ரத்தத்தைக் காரமாக்கும்' என்று சொல்லி ஆயிரக்கணக்கில் விற்கும் காரத் தண்ணீர் இயந்திரங்கள். பி.எச் 9 என்ற எண்ணை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், அந்தத் தண்ணீர் ஒரு லிட்டரைச் சமன்செய்ய பி.எச் 2 உள்ள இரைப்பை அமிலம் ஒரே ஒரு மில்லிலிட்டர் போதும். ரத்தத்தை 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் பிடித்து வைத்திருப்பது நுரையீரலும் சிறுநீரகமும், அவை அந்த வேலையைக் காசு வாங்காமலே செய்கின்றன.