வெந்நீர் அடுப்பு தின்னும் காடு

2016-இல் உஜ்வலா திட்டம் வந்த பிறகு, சத்தியமங்கலம், முதுமலை போன்ற புலிகள் காப்பகங்களை ஒட்டிய ஊர்களிலும் காஸ் அடுப்பு எரிகிறது. ஆனாலும் விறகுக்காகக் காட்டுக்குப் போவது நிற்கவில்லை. சிலிண்டர் விலை ஒரு காரணம்தான். டீயும் குழம்பும் காஸில் ஆனாலும், குளிக்க வெந்நீர் மட்டும் கொல்லையில் மூன்று கல் அடுப்பில் காய்கிறது. மலைக் குளிரில் அதைத் தவிர்க்கவும் முடியாது. விறகு மிச்சம் என்றதும் எல்லோரும் சமையலறையைத்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கொல்லையை.

கணக்கு எளிது. நான்கு பேர் குளிக்க 60 லிட்டர் தண்ணீர் வேண்டும், அதை 20 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும் என்று கொள்வோம். தண்ணீருக்குள் போக வேண்டிய வெப்பம், அரைக் கிலோவுக்கும் குறைவான காய்ந்த விறகில் இருக்கிறது. ஆனால் காற்றடிக்கும் கொல்லையில் மூன்று கல் அடுப்பு அந்த வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் அண்டாவுக்குக் கொடுக்கும். அதனால் 4 கிலோவுக்கு மேல் எரிகிறது. பத்தில் மூன்று பங்கு கொடுக்கும் அடுப்புக்கு 1.4 கிலோ போதும். ஒரு வருடத்தில் மிச்சமாவது ஏறத்தாழ 1 டன், ஒரே வீட்டில்.

'காய்ந்ததைத்தானே பொறுக்குகிறோம்' என்று கேட்பார்கள். பட்டுப்போன மரப்பொந்துதான் மரங்கொத்திக்கும் ஆந்தைக்கும் வீடு. விழுந்து மட்கும் கட்டையில் கரையானும் புழுவும் இருக்கும். கரடிக்கு அது இரை. ஊரோரத்தில் காய்ந்தது தீர்ந்ததும் விறகுக்குப் போகிறவர்கள் இன்னும் உள்ளே, யானைத் தடம் வரைக்கும் போகிறார்கள். பிறகு பச்சைக் கிளையும் இளங்கன்றும் வெட்டுப்படுகின்றன. எரித்தே ஆக வேண்டுமென்றால் உண்ணிச்செடியை எரியுங்கள். மான் மேயும் புல்லை மூடி வளரும் களை அது. வனத்துறையின் அனுமதியோடு வெட்டி, நன்றாகக் காயவைத்தால் நல்ல சுள்ளி.

60 லிட்டர் அண்டாவுக்கு ராக்கெட் அடுப்பு பொருந்தும். 'ட' எழுத்து வடிவில் ஒரு வழி: கீழே படுத்த பாகத்தில் விறகு நுழையும், நிமிர்ந்த பாகத்தில் தீ மேலே ஏறும். உள்ளளவு 15 செ.மீ.க்கு 15 செ.மீ., தரையிலிருந்து உயரம் 35 முதல் 40 செ.மீ. உட்சுவருக்கு மெல்லிய சுட்ட ஓடு, வெளிச்சுவருக்குச் செங்கல். இரண்டுக்கும் நடுவே நாலு விரற்கடை இடம் விட்டு உமிச்சாம்பலை நிரப்புங்கள். இந்தச் சாம்பல்தான் அடுப்பின் உயிர். கனமான மண்சுவர் சூட்டைக் காக்கும் என்ற நம்பிக்கை தவறு. அரை மணி நேரமே எரியும் அடுப்பில் தடித்த மண், தண்ணீருக்குப் போக வேண்டிய சூட்டைத் தானே குடித்துவிடும். பூச்சுக்குக் களிமண்ணும் நறுக்கிய வைக்கோலும். உள்ளே சிமெண்ட் கூடாது, வெடிக்கும். தகரமும் கூடாது, அரித்து ஓட்டை விழும். களிமண்ணுக்காகக் காட்டுப் புற்றை இடிக்காதீர்கள், அதுவும் கரடியின் இரைதான்.

இனி இடைவெளி. பெரும்பாலான அடுப்புகள் தோற்பது இங்கேதான். தீவழியின் பரப்பு 15 × 15 = 225 சதுர செ.மீ. அண்டாவின் குறுக்களவு 45 செ.மீ. என்றால் சுற்றளவு சுமார் 141. இரண்டையும் வகுத்தால் 1.6. அண்டாவைச் சுற்றி நிறுத்தும் தகர வளையத்துக்கும் அண்டாவுக்கும் நடுவே அந்த 1.6 செ.மீ.தான் இருக்க வேண்டும். கூடினால் சூடு உரசாமல் ஓடிவிடும். குறைந்தால் மூச்சடைத்து வாய் வழியே புகை திரும்பும். அண்டாவின் அடியில், தீவழிக்கு நேர் மேலே 4 செ.மீ., விளிம்புப் பக்கம் 2 செ.மீ. வளையம் அண்டாவின் முக்கால் உயரம் வரை வரட்டும். வேறு அண்டா வைத்தால் வளையத்தையும் மாற்ற வேண்டும்.

விறகு வாயின் நடுவே ஒரு தகரத் தட்டு வேண்டும். மேலே விறகு, கீழே காற்று. தட்டுக்குக் கீழே சாம்பல் சேர்ந்தால் காற்று நிற்கும், தினமும் வழித்துவிடுங்கள். விறகு கட்டைவிரல் பருமன் இருக்கட்டும், நுனி மட்டும் எரிய எரியத் தள்ளுங்கள். பச்சை விறகின் எடையில் பாதி தண்ணீர்தான். அது ஆவியாகப் போகும்போது தீயையும் குளிரவைத்துவிடும். கூரையடியில் ஒரு பரண், மழைக்கு முன்பே நிரம்பியிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

விறகைச் சிறிதாகப் பிளப்பது கூடுதல் வேலை, அது பெண்கள் தலையில்தான் விழுகிறது. இதை வெளிப்படையாகப் பேசாமல் கொடுத்த அடுப்புகளில், பெரிய கட்டை நுழைய வேண்டும் என்று வாயை இடித்து அகலமாக்கிவிடுவார்கள். அத்தோடு மிச்சமும் போயிற்று. 1980களில் தொடங்கி 2002 வரை நடந்த தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்திலும் கட்டிய அடுப்புகளை எண்ணினார்கள். அளவு மாறியதையும் பழுதையும் பார்க்க ஆள் போதவில்லை. எனவே கோடாலி வேலையை வீட்டு ஆண்கள் ஏற்பார்களா என்று முதலில் கேளுங்கள்.

இதே அடுப்பைச் சிறிதாக்கிச் சமையலுக்குக் கொடுப்பதாக இருந்தால் ராகிக் களியை நினைவில் வையுங்கள். துடுப்பால் அழுத்திக் கிண்டும்போது பானை ஆடினால் அந்த அடுப்பு மறுநாளே மூலைக்குப் போகும். விறகு வாய் மூடாதபடி அடுப்பின் அடியைத் தரையில் புதைத்து, பானையைத் தாங்க மூன்று இரும்புத் துண்டுகளைச் சுவருக்குள் ஆழமாகப் பதியுங்கள். வீட்டுக்குள் என்றால் கூரைக்கு மேல் நீளும் புகைக்குழாய் தேவை. ஓலைக்கூரையில் குழாய் ஓலையைத் தொடவே கூடாது.

மிச்சம் உண்மையா என்று அறிய ஒரு தொங்கு தராசு போதும். பழைய அடுப்பில் மூன்று நாள், புதியதில் மூன்று நாள், அதே அண்டா, அதே தண்ணீர். காலையில் விறகை நிறுத்து வைத்து, மீந்ததைக் கழியுங்கள். மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை என்றால் வளைய இடைவெளியை அளந்து பாருங்கள், பிறகு விறகின் ஈரத்தை. ஆறு மாதம் கழித்து, முக்கியமாக மழைக்குப் பின், மறுபடி நிறுங்கள். சாம்பல் நனைந்து இறுகியிருந்தால் அதை அள்ளிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும்.