போகும்போது 107 நிமிடம், திரும்பும்போது 26

தெற்குப் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரிலிருந்து சைக்கிளில் வடக்கே கிளம்புகிறீர்கள். ரோன் ஆற்றை ஒட்டிய சமவெளி. ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள பெரிதாக ஒன்றுமில்லை, சாலையின் இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள்தான். 20 கிலோமீட்டருக்குச் சற்று முன்பே ஷாத்தோநெஃப்-த்யு-பாப் வந்துவிடும். 14-ஆம் நூற்றாண்டில் அவிஞ்ஞோனில் இருந்து ஆட்சி செய்த போப்பாண்டவர்கள் தங்களுக்கென்று கோட்டை எழுப்பிக்கொண்ட ஊர். இன்று கோட்டையில் ஒரு பகுதிதான் மிச்சம். ஒயின் மட்டும் உலகப் புகழோடு இருக்கிறது. (1954-இல் இந்த ஊர் மேயர், பறக்கும் தட்டுகள் ஊர் எல்லைக்குள் இறங்கக் கூடாது என்று ஆணையே பிறப்பித்தார். ஆணை நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று ஊரார் சிரிப்பார்கள்.)

காற்றில்லாத நாளில், அவசரமில்லாமல் மிதித்தால் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று தூரத்தை 20 கிலோமீட்டராகவே வைத்துக்கொள்வோம். போய்வர 40 கிலோமீட்டர், 96 நிமிடம்.

இப்போது வடக்கிலிருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கிறது. போகும்போது முகத்தில் அறையும் அதே காற்று வரும்போது முதுகைத் தள்ளத்தானே போகிறது, பட்ட கடனை அது திருப்பிக் கொடுத்துவிடாதா? கொடுக்காது. அதே உழைப்போடு மிதித்தால் போகும்போது வேகம் மணிக்கு 11.2 கிலோமீட்டராகச் சரிந்துவிடும், திரும்பும்போது 45.3 ஆக ஏறும். போக 107 நிமிடம், வர 26 நிமிடம். மொத்தம் 2 மணி 13 நிமிடம். காற்றில்லாத நாளைவிட 37 நிமிடம் நஷ்டம்.

அந்த 37 நிமிடம் எங்கே போனது?

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். அந்த வட்டாரத்தில் வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த, வறண்ட காற்றுக்கு மிஸ்த்ரால் என்று பெயர். 'ஆண்டை' என்பது போன்ற பொருள் தரும் ப்ரொவென்சால் மொழிச் சொல். திசைக்கு ஒரு பெயர் வைத்து வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று காற்றைப் பிரித்த நமக்கு அறிமுகம் எளிது: மிஸ்த்ரால் ஒரு வாடை. பிரான்சுக்கு மேற்கே காற்றழுத்தம் கூடியும், இத்தாலியின் ஜெனோவா வளைகுடாப் பக்கம் குறைந்தும் இருக்கும்போது வடக்கின் குளிர்காற்று தெற்கே இழுக்கப்படுகிறது. கிழக்கே ஆல்ப்ஸ், மேற்கே மாசிஃப் சென்ட்ரல் மலைகள். நடுவில் இருக்கும் ஒரே சந்து ரோன் பள்ளத்தாக்கு. சந்தில் நுழைந்த காற்று நெருக்கப்பட்டு வேகம் பிடிக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வீசுவதும் உண்டு. குளிர்காலத்திலும் வசந்தத்திலும்தான் உக்கிரம் அதிகம். அங்கே பழைய பண்ணை வீடுகளின் வடக்குச் சுவரில் ஜன்னலைத் தேடிப் பார்க்க வேண்டும். பல தேவாலயங்களின் மணிக்கூண்டு உச்சி, காற்று ஊடே புகுந்து போகட்டும் என்று வெறும் இரும்புக் கம்பி வேலைப்பாடாக நிற்கிறது.

சமதரையில் சைக்கிள் ஓட்டுகிறவர் பெரும்பாலும் காற்றோடுதான் மல்லுக்கட்டுகிறார். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ என்று வைத்தால், 25 கிலோமீட்டர் வேகத்துக்கு 100 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவான உழைப்பு போதும். அதில் ஏறக்குறைய 70 வாட் காற்றை விலக்கவே போய்விடுகிறது. டயர் தரையில் அமுங்கி உருளும் செலவு 27 வாட். (இவை தோராயமாகப் போட்ட கணக்கு. உங்கள் உடல்வாகு, டயர், சாலைக்குத் தக்கபடி மாறும்.)

காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு. தடைக்குத் தெரிவது உங்கள் வேகமானியில் இருக்கும் எண் இல்லை, உங்கள் உடம்பில் வந்து மோதும் காற்றின் வேகம். 25-இல் போகும் உங்கள் மேல் எதிரே 30-இல் காற்று வந்தால் மோதும் வேகம் 55. தடை கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. வேகத்தை 25-லேயே நிறுத்திக்கொள்ள வேண்டுமானால் 360 வாட்டுக்கு மேல் மிதிக்க வேண்டும். பயிற்சி பெற்ற பந்தய வீரர்களுக்கே ஒரு மணி நேரம் தாக்குப்பிடிப்பது கடினமான அளவு அது. ஆகவே நீங்கள் 11-க்கு இறங்குகிறீர்கள்.

திரும்பும் வழியில் 30-இல் தள்ளும் காற்றை நீங்கள் முந்திவிட்டால், மிச்ச வேகத்துக்கு மறுபடி எதிர்காற்றுதான். 45-இல் போகும்போது முகத்தில் 15 கிலோமீட்டர் காற்று படுகிறது. டயர் உருளும் செலவோ வேகத்தோடு ஏறி, உழைப்பில் பாதியைத் தின்னத் தொடங்குகிறது. காற்று தரும் பரிசுக்கு உச்சவரம்பு இருக்கிறது.

இது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி வெறும் பள்ளிக்கூடக் கணக்கு. கெட்ட காற்றில் மெதுவாகப் போகிறீர்கள், மெதுவாகப் போவதால் கெட்ட காற்றிலேயே அதிக நேரம் கிடக்கிறீர்கள். நல்ல காற்றோ 26 நிமிடத்தில் தீர்ந்துபோகிறது. ஓடும் ஆற்றில் எதிர்நீச்சல் போட்டுப் போய்த் திரும்புகிறவருக்கும் இதே கதிதான்.

சரி, காற்று நேராக எதிரே இல்லாமல் கச்சிதமாகப் பக்கவாட்டில் அடித்தால்? லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்று தோன்றும். ஆனால் நஷ்டம்தான். எனக்கே கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் நம்பிக்கை வந்தது. 25-இல் நீங்கள் முன்னால் போக, 30-இல் காற்று பக்கத்திலிருந்து வர, இரண்டும் சேர்ந்து சாய்வாக 39 கிலோமீட்டர் காற்றாக உங்கள் மேல் படும். வர்க்கக் கணக்கில் விசை சுமார் 2.4 மடங்கு. அது முழுவதும் உங்களுக்கு எதிராக இல்லை. பெரும்பங்கு ஓரமாகத் தள்ளுகிறது. ஆனால் எதிர்த்திசைப் பங்கை மட்டும் பிரித்தெடுத்தாலும், காற்றில்லாத நாளின் தடையைப்போல் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. எந்தப் பக்கமும் சாயாத நடுநிலைக் காற்றுகூட உங்கள் பையிலிருந்துதான் எடுக்கிறது. வட்டமாகச் சுற்றிவந்து தப்பிக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இது கெட்ட செய்தி.

பந்தய வீரர்கள் இந்தக் கெட்ட செய்தியை ஆயுதமாக்கிக்கொண்டார்கள். ஒருவர் பின்னால் ஒட்டி ஓட்டினால் பின்னவருக்குத் தடை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். பெருங்கூட்டத்தின் நடுவில் இன்னும் வெகுவாகக் குறையும். பக்கக்காற்றில் முன்னவர் தரும் அந்தக் காற்று நிழல் நேர் பின்னால் விழுவதில்லை, சாய்வாக விழுகிறது. அதனால் வீரர்கள் சாலையின் குறுக்கே படிக்கட்டுபோல் சரிந்து அணிவகுக்கிறார்கள். பிரெஞ்சில் இதற்குப் பெயர் எவான்தாய், விசிறி. சாலை அகலம் எத்தனை பேரைத் தாங்குமோ அத்தனை பேருக்குத்தான் விசிறியில் இடம். மற்றவர்கள் சாலை விளிம்பில் ஒற்றை வரிசையாக, நிழலின்றித் திணறிப் பின்தங்குவார்கள். 2016 ஜூலை 13 அன்று டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் கார்கசோனிலிருந்து மோன்பெலியே போகும் கட்டத்தில் நாள் முழுக்க இந்த ஆட்டம்தான். லாங்தோக் திராட்சைக் காடுகளுக்கு நடுவே கூட்டம் சிதறியது. கடைசி 12 கிலோமீட்டரில் பீட்டர் சாகனும் கிறிஸ் ஃப்ரூமும் ஆளுக்கொரு அணித்தோழரோடு பிய்த்துக்கொண்டு போனார்கள். சாகன் ஜெயித்தார்.

நமக்கு அணித்தோழர் இல்லை. இருப்பது சைப்ரஸ் வேலி.

ரோன் சமவெளியில் சைப்ரஸ் மரங்களை நெருக்கி நட்டு, கிழக்கு மேற்காக நீண்ட பச்சைச் சுவர்களாக வளர்த்திருக்கிறார்கள். வாடையைக் குறுக்கே மறிக்க வேறெந்தத் திசையிலும் நட முடியாது. இவற்றின் தென்புறத்தில் மர உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்காவது காற்று தணிந்திருக்கும். கல்சுவர் கட்டினால் இந்த அளவுக்குப் பலன் கிடைக்காது. கெட்டிச் சுவரில் முட்டிய காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று விழும். மரவேலியோ கொஞ்சம் காற்றை உள்ளே கசியவிட்டு மீதியை அடக்குகிறது. சைக்கிள்காரருக்கு ஆபத்து, வேலி முடியும் இடத்தில். பக்கக்காற்றுக்குச் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், வேலி வந்ததும் காற்று நிற்கும், சைக்கிள் ஒரு பக்கம் சாயும். சமாளித்து நிமிர்ந்தால் வேலி முடிந்து அடுத்த அறை விழும். ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பகுதியைப் பிடித்துக் குனிந்துகொண்டால் இரண்டு லாபம்: பிடி உறுதியாகும், நிமிர்ந்து உட்கார்ந்ததைவிடத் தடை கால்வாசிவரை குறையும். மொத்தத் தடையில் முக்கால் பங்கு உடம்பால்தான் வருகிறது. லட்ச ரூபாய் சக்கரத்தைவிட இலவசமாய்க் குனிவது மேல்.

கொடிகளும் குனிந்துதான் இருக்கின்றன. இந்த வட்டாரத்தின் முக்கிய ரகமான கிரெனாஷ் உறுதியான தண்டு கொண்டது. கம்பி, பந்தல் எதுவுமில்லாமல், முழங்கால் உயரக் கோப்பை வடிவத்தில் கவாத்து செய்து விடுகிறார்கள். சிரா ரகத்தின் இளந்தளிர் காற்றில் ஒடியும் என்பதால் அதைக் கம்பியில் கட்டுகிறார்கள். இவ்வளவு தொல்லை கொடுத்தும் விவசாயி மிஸ்த்ராலைத் திட்டுவதில்லை. மழை பெய்து ஓய்ந்ததும் இலையையும் குலையையும் அது உலர்த்திவிடுகிறது. ஈரத்தில் முளைக்கும் அடிச்சாம்பல் நோயும் அழுகலும் காலூன்ற நேரம் கிடைப்பதில்லை, மருந்துத் தெளிப்பும் குறைகிறது. காற்றடிக்காவிட்டால் நோய், அடித்தால் தொல்லை என்று அவிஞ்ஞோனைப் பற்றி ஒரு பழைய லத்தீன் சொலவடையே உண்டு.

வடகிழக்கே வெள்ளையாக ஒரு மலை உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மோன் வான்தூ, 1,910 மீட்டர். உச்சியில் இருப்பது பனி என்று ஏமாறாதீர்கள், கோடையிலும் அப்படித்தான் இருக்கும். அது சுண்ணாம்புக் கல். துலோன் துறைமுகத்துக் கப்பல்களுக்காக நூற்றாண்டுக்கணக்கில் மரங்களை வெட்டி மொட்டையாக்கிவிட்டார்கள். பெதுவான் ஊரிலிருந்து உச்சிக்கு 21 கிலோமீட்டர், ஏறும் உயரம் ஏறக்குறைய 1,600 மீட்டர். முதல் சில கிலோமீட்டர் திராட்சைத் தோட்டங்களுக்கிடையே இதமாகப் போகும். காட்டுக்குள் நுழைந்ததும் சாலை 9 சதவீதச் சரிவாக எழுந்து நிற்கும்.

இங்கே கணக்கு தலைகீழ். 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் புவியீர்ப்புக்கு 196 வாட், காற்றுக்கு 5 வாட்கூட இல்லை. காற்றை மறந்துவிடலாம், காடு இருக்கும்வரை. கடைசி 6 கிலோமீட்டர் மொட்டை மலை. அதே சரிவில் எதிரே 30 கிலோமீட்டர் வாடை அடித்தால் காற்றின் பங்கு 72 வாட்டாகிவிடும். 2016-இல், மோன்பெலியே கட்டத்துக்கு மறுநாள், டூர் இந்த உச்சியில்தான் முடிந்திருக்க வேண்டும். மேலே காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசும் என்பதால் முடிவுக்கோட்டை 6 கிலோமீட்டர் கீழே, ஷாலே ரெய்னாருக்கு இறக்கினார்கள். மேலே நிற்க வேண்டிய கூட்டமும் கீழே வந்து நெரிந்தது. வழியடைத்து நின்ற மோட்டார் சைக்கிளால் நேர்ந்த மோதலில் ஃப்ரூமும் விழுந்தார், அவர் சைக்கிள் உடைந்தது. பந்தயத்தில் முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையை அணிந்தவர் சைக்கிளில்லாமல் மலையில் ஓடிய காட்சியை உலகமே பார்த்தது.

அந்த 37 நிமிடத்தை மீட்க ஒரு வழி உண்டு. மிஸ்த்ரால் அடிக்கும் நாளில் அவிஞ்ஞோன் நிலையத்தில் சைக்கிளை வட்டார ரயிலில் ஏற்றுங்கள். வடக்கே ஓரான்ஜ் ஊரில் இறங்கி, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். ஷாத்தோநெஃப் வழியாக வீடு திரும்பும்வரை பெடலுக்குப் பெரிய வேலை இருக்காது.