வாசலில் அடித்த தகரம்

2020 ஜூலையில் எங்கள் கிளினிக் இருக்கும் தெருவில் ஒரு வீட்டு வாசலை மறித்துத் தகரம் அடித்தார்கள். உள்ளே ஐந்து பேர். கொரோனா ஒருவருக்குத்தான். பால்காரர் இரண்டு வீடு முன்னாலேயே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அடுத்த வாரம் காய்ச்சலோடு என்னிடம் வந்தவர்களில் பலரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள்: "தண்ணி மாறிப்போச்சு டாக்டர், சாதாரண காய்ச்சல்தான். டெஸ்ட் மட்டும் எழுதிடாதீங்க." ஒரு அம்மா, தன் வீட்டுக்காரருக்கு இரண்டு நாளாக ரசத்தின் வாசனையே தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்ததும் அந்த அம்மா நிறுத்திக்கொண்டார்.

நான் பொது மருத்துவம் பார்ப்பவன். கொரோனா காலத்து அரசு நடவடிக்கைகள் பற்றி ஊரடங்கு சரியா, தவறா என்றே இன்னும் விவாதம் நடக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது அந்தத் தகரம்தான்.

செய்த நல்லதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தின் திருச்சூரில் இந்தியாவின் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அப்போது பரிசோதனைக்கு நாடு நம்பியிருந்தது புனேயில் இருந்த வைரஸ் ஆய்வகத்தை மட்டுமே. அந்த ஆண்டு முடிவதற்குள் 2,000க்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் வந்துவிட்டன. சாதாரண வேலை அல்ல அது. ஆனால் ஆய்வகம் எத்தனை இருந்தாலும் மூக்கை நீட்ட ஆள் வரவேண்டுமே!

அன்று மாநிலங்கள் கையில் எடுத்த சட்டம் 1897இல் வெள்ளைக்காரர்கள் போட்ட தொற்றுநோய்ச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவியபோது அவசரமாகக் கொண்டுவந்தது. புனேயில் சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்து நோயாளிகளைத் தேடி இழுத்துப் போனார்கள். மக்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள். பிளேக் அதிகாரி ராண்டை அதே ஆண்டு ஜூனில் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். ஆத்திரம் அந்த அளவுக்குப் போயிருந்தது. பயந்தவர்கள் நோயை மறைப்பார்கள் என்பது நமக்கு கொரோனாவுக்கு 123 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த விஷயம்.

2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கும்பல் தாக்கியது. அந்த வாரமே மத்திய அரசு பழைய சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கிப் பலத்த காயம் ஏற்படுத்தினால் 7 ஆண்டு வரை சிறை. எங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் நோயாளியின் பெயரையும் முகவரியையும் காப்பதற்கு அந்தத் திருத்தத்தில் ஒரு வரி இல்லை. எங்கள் ஊரில் பாசிட்டிவ் வந்தவர்களின் பட்டியல் கதவு எண்ணோடு வாட்ஸ்அப்பில் சுற்றியது. என் நோயாளி ஒருவருக்கு அவருடைய ரிசல்ட்டை மைத்துனர்தான் முதலில் சொன்னார்.

யாருக்குப் போன் செய்தாலும் முதலில் காதில் விழுந்த அரசின் அறிவிப்பு ஞாபகம் இருக்கிறதா? நோயோடுதான் போராட வேண்டும், நோயாளியோடு அல்ல என்று அது சொன்னது. அருமையான வார்த்தை. வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டச் சொல்லித் தன் வழிகாட்டுதல் எதுவும் இல்லை என்று மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் ஒட்டக்கூடாது என்று 2020 டிசம்பர் 9 அன்று நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அதற்குள் முதல் அலையே ஓய்ந்துகொண்டிருந்தது. மேலே இருந்து சொன்னது ஒன்று, தெருவில் நடந்தது வேறு. எட்டு மாதம் அப்படியே ஓடிவிட்டது.

அந்தப் பயத்தின் விலையை 2021 மே மாதத்தில் பார்த்தேன். நாடு முழுவதும் ஒரே நாளில் நான்கு லட்சத்துக்கும் மேல் புதிய நோயாளிகள் வந்த நேரம். ஐம்பதை நெருங்கிய ஒருவர் நடந்தே உள்ளே வந்து, உட்கார்ந்து, நன்றாகத்தான் பேசினார். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் 78. கருவி கெட்டுவிட்டதோ என்று என் விரலில் மாட்டிப் பார்த்தேன், 98 காட்டியது. கொரோனாவில் இது உண்டு. மூச்சுத்திணறல் தெரிவதற்கு முன்பே ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிவிடும். காய்ச்சல் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதுவரை மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். ஏன் முதலிலேயே வரவில்லை என்று கேட்டேன். "அக்கா பொண்ணுக்கு நிச்சயம் வெச்சிருந்தோம் சார். வாசல்ல எதையாச்சும் அடிச்சிட்டா மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பாங்க?" ஆக்சிஜன் படுக்கை கிடைக்க ராத்திரி ஆகிவிட்டது. அவர் பிழைக்கவில்லை.

எனக்கு மனசு ஆறாததற்குக் காரணம், இதை எப்படிச் செய்வது என்று நமக்குத் தெரியும் என்பதுதான். இந்தியாவில் எச்ஐவி முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில். தொடக்கத்தில் அங்கும் ஒதுக்கலும் மிரட்டலும்தான். பிறகு வழி மாறியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பரிசோதனை அறைக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர் வைத்தார்கள். தனியறையில் ஆலோசகர் பேசுவார், சம்மதம் கேட்டுத்தான் ரத்தம் எடுப்பார்கள், முடிவும் தனியாகத்தான் சொல்லப்படும். 2017இல் அந்த ரகசியத்தைக் காக்க நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. ஜனங்கள் தாங்களாகவே பரிசோதனைக்கு வந்தார்கள். கொரோனாவுக்குத் தனிமைப்படுத்துதல் தேவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குத் தகரம் தேவையில்லை. தினம் ஒரு போன், அரிசி பருப்பு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கொஞ்சம் பணம், இவை கிடைத்தால் யாரும் வீட்டிலேயே இருப்பார்கள்.

டாக்டர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வரவேற்பறையில் பத்துப் பேர் முன்னால் "உங்களுக்குப் பாசிட்டிவ்" என்று கத்திச் சொன்ன கிளினிக்குகளை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தொற்று வரும்போது அப்படி ஒரு பட்டியல் உங்கள் போனுக்கு வந்தால் அழித்துவிடுங்கள், அனுப்பியவரிடம் ஏன் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டு வாசலில் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போன் செய்து சொல்லுங்கள்.

அந்தப் பயம் இன்னும் போகவில்லை. 2019இல் நாட்டில் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020இல் 18 லட்சம்தான். காசநோய் குறைந்துவிடவில்லை. பஸ் ஓடவில்லை, ஆஸ்பத்திரிகள் கொரோனா வார்டாக மாறியிருந்தன. இருமினாலே சந்தேகமாகப் பார்த்த காலம், அதனால் வராமல் இருந்தவர்களும் உண்டு.

போன மாதம் மூன்று வார இருமலோடு ஒரு தறி ஓட்டுபவர் வந்தார். சளிப் பரிசோதனை என்றதுமே, "டெஸ்ட் எடுத்தா வீட்டுக்கு ஆள் வருவாங்களா டாக்டர்?" என்று கேட்டார். டிபி என்று தெரிந்தால் வருவார்கள் என்றேன். ஒரே ஒருவர், சாதாரண உடையில் வருவார். பிள்ளைகளுக்கும் இருமல் இருக்கிறதா என்று கேட்பார், தேவைப்பட்டால் அவர்களுக்கும் தடுப்பு மாத்திரை தருவார், சத்துணவுக்கு அரசு மாதம் ஆயிரம் ரூபாய் தருவதற்கு உங்கள் பேங்க் கணக்கைக் குறித்துக்கொள்வார். வாசலில் எதுவும் ஒட்டமாட்டார்.

கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் சளி டப்பாவை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை கிளினிக் திறக்கும் முன்பே வாசலில் நின்றிருந்தார்.