குழந்தையை 'ஸ்டடி'யில் சேர்க்கக் கேட்டால்: கையெழுத்துக்கு முன் தெரிய வேண்டிய சட்டமும் காகிதமும்

குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று உறுதியான இரண்டு மூன்று நாட்களுக்குள், ஆராய்ச்சி நடக்கும் மருத்துவமனை என்றால், டாக்டரோ ஆய்வு ஒருங்கிணைப்பாளரோ ஒரு கட்டுக் காகிதத்தோடு வருவார். "ஒரு ஸ்டடி நடக்குது, உங்க பிள்ளையச் சேர்க்கலாமா?" சாப்பிடவே மறந்திருக்கும் நேரத்தில் இந்தக் கேள்வி ஏன் வருகிறது என்று கோபம்கூட வரும். காரணம் எளிது. சிகிச்சையின் முதல் கட்டத்தில் எந்த மருந்து எத்தனை நாள் என்பதைத்தான் பல ஆய்வுகள் ஒப்பிடுகின்றன. கீமோ தொடங்கிவிட்டால் சேர்க்கும் வாய்ப்பு போய்விடும்.

'சோதனை எலி' என்ற பயத்தை முதலில் அளந்து பார்த்துவிடலாம். இந்தியாவில் குழந்தைப் புற்றுநோயில் நடக்கும் பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் யாரும் பார்த்திராத மருந்தைக் கொடுத்துப் பார்ப்பவை அல்ல. பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் மருந்துகளின் அளவையும் நாட்களையும் மாற்றிப் பார்ப்பவை. ஐசிக்கிள் ஏ.எல்.எல்-14 ஒரு நல்ல உதாரணம். கொல்கத்தா, மும்பை, டெல்லி, சண்டிகர் மருத்துவமனைகளோடு சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் பங்கெடுத்த, ஏ.எல்.எல் என்ற ரத்தப் புற்றுநோய்க்கான ஆய்வு அது. முதல் கட்ட ஸ்டீராய்டு நாட்களைக் குறைத்தால் பக்கவிளைவு குறையுமா என்பது அதன் கேள்விகளில் ஒன்று. நம் குழந்தைகள் பலர் சத்துக்குறைவோடு வருகிறார்கள், சிகிச்சை நடுவே தொற்று வந்து இறப்பது இங்கே அதிகம். மேல்நாட்டு அட்டவணையை அப்படியே எடுத்துப் போட முடியாது. இங்கேயே ஆராய்ந்தால்தான் விடை கிடைக்கும்.

எல்லா ஆய்வும் இப்படி இருக்காது. ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இது கம்பெனி நடத்துற ஆய்வா, ஆஸ்பத்திரி நடத்துற ஆய்வா?" அடுத்து வருவதெல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்தது.

எந்தச் சட்டம்

2019 மார்ச் 19 அன்று அறிவிக்கப்பட்ட 'புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், 2019'தான் இப்போதைய சட்டம். புதிய மருந்தை வைத்து ஒரு கம்பெனி ஆய்வு நடத்த, மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைவரான டி.சி.ஜி.ஐ-யின் அனுமதி வேண்டும். அதோடு பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். எத்திக்ஸ் கமிட்டி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். குறைந்தது 7 பேர் கொண்டது, மருத்துவர் அல்லாதவர்களும் அதில் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே சந்தையில் இருக்கும் மருந்தை வேறு நோய்க்கோ வேறு அளவிலோ பயன்படுத்தி, விற்பனை நோக்கமில்லாமல் மருத்துவமனையே நடத்துவதை 'கல்விசார் ஆய்வு' என்கிறது 28-ஆவது விதி. இதற்கு டி.சி.ஜி.ஐ அனுமதி தேவையில்லை, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் போதும். இந்த வகை ஆய்வில் ஸ்பான்சரின், அதாவது ஆய்வுக்குப் பொறுப்பேற்று நடத்துபவரின், இடத்தில் இருப்பது மருத்துவமனையும் ஆய்வாளரும்தான். பாதிப்பு வந்தால் பொறுப்பும் அவர்களுடையதே என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்) 2017 நெறிமுறைகள். பணம் எங்கிருந்து வரும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஐ.சி.எம்.ஆர், தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பு போன்ற இடங்களிலிருந்து வரும் நிதியில்தான் இவை நடக்கின்றன. அந்த நிதி அளவானது.

கம்பெனிகள் குழந்தைகள் பக்கம் அதிகம் வராததற்கு வணிகம்தான் காரணம்: நோயாளிகள் குறைவு, லாபமும் குறைவு. அமெரிக்காவில் 2020 ஆகஸ்ட் முதல் ஒரு கட்டாயம் இருக்கிறது. பெரியவர்களின் புற்றுநோய்க்கு வரும் புதிய மருந்து தாக்கும் மூலக்கூறு குழந்தைகளின் புற்றுநோயிலும் முக்கியமானது என்றால், அதைக் குழந்தைகளிடமும் ஆராய்ந்தாக வேண்டும். அப்படி ஒரு நெருக்கடி இருந்தால்தான் கம்பெனிகள் அசையும் என்பது எங்கள் கருத்து.

அந்தக் கட்டுக் காகிதம்

அதில் இரண்டு பகுதி இருக்கும். முதலாவது தகவல் தாள், இரண்டாவது ஒப்புதல் படிவம். இரண்டும் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலத் தாளை நீட்டி "வாயால சொல்றேன், போடுங்க" என்றால் தமிழ்ப் பிரதி கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் உடனிருந்து கையெழுத்திட வேண்டும்.

கையெழுத்து போட வேண்டியவர் அப்பா, அம்மா அல்லது சட்டப்படியான பாதுகாவலர். பாட்டியோ சித்தப்பாவோ அன்று வார்டில் இருந்தார் என்பதற்காகப் போட்ட கையெழுத்து செல்லாது. அப்பா வெளிநாட்டில், அம்மா ஊரில், குழந்தையோடு மாமா மட்டும் என்ற நிலையில்தான் இந்தத் தவறு நடக்கும். பின்னால் பிரச்சினை வரும்போதுதான் கண்ணில் படும்.

குழந்தைக்கும் ஒரு சொல் உண்டு. 7 முதல் 12 வயது வரை பெற்றோர் முன்னிலையில் வாய்மொழியாகச் சம்மதம் கேட்க வேண்டும். 12 முதல் 18 வரை தனியான படிவத்தில் எழுத்துபூர்வமாக வாங்க வேண்டும். ஆய்வு முடியும் முன் 18 வயது நிறைந்துவிட்டால் அவரிடமே புதிதாக ஒப்புதல் பெற வேண்டும். இதுவரை எங்கும் அனுமதிக்கப்படாத புத்தம்புது மூலக்கூறு என்றால், விளக்கம் சொல்வதையும் நீங்கள் புரிந்துகொண்டதையும் ஒலி, ஒளிப்பதிவு செய்தே ஆக வேண்டும். குழந்தைகள் சட்டத்தின் பார்வையில் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள், அதனால் இந்தக் கட்டாயம்.

படிவத்தில் பலர் காலியாக விடும் ஒரு வரி உண்டு: நாமினியின் பெயர், முகவரி, உறவு. ஆய்வால் இறப்பு நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்கான வரி அது. பிள்ளையின் பெயருக்குக் கீழே நாமினி எழுத எந்தப் பெற்றோருக்கும் கை வராதுதான். இருந்தாலும் எழுதிவிடுங்கள். பிறந்த தேதி ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும்.

கையெழுத்திட்ட படிவத்தின் பிரதியையும் தகவல் தாளையும் உங்கள் கையில் கொடுப்பது ஆய்வாளரின் கடமை. "ஃபைல்ல இருக்கு" என்பது பதில் ஆகாது. ஆய்வாளரின் எண்ணும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரமும் அந்தத் தாளில்தான் இருக்கும். இரவு 2 மணிக்குக் குழந்தைக்கு வலிப்பு வந்து ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, அங்குள்ள டாக்டர் கேட்கும் முதல் தகவலும் அந்தத் தாளில்தான் இருக்கும்.

ஆய்வு உண்மையானதுதானா, சேர முடியுமா

ஐ.சி.எம்.ஆர் நடத்தும் சி.டி.ஆர்.ஐ என்ற பதிவேட்டில் எந்த ஆய்வையும் இலவசமாகத் தேடலாம். 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணில் ஆண்டும் மாதமும் இருக்கும். அந்தப் பக்கத்தில் நான்கு இடங்களை மட்டும் பாருங்கள். உங்கள் மருத்துவமனையின் பெயர் ஆய்வு மையங்களின் பட்டியலில் இருக்கிறதா? அந்த மையத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் 'அனுமதிக்கப்பட்டது' என்று இருக்கிறதா? டி.சி.ஜி.ஐ அனுமதியின் நிலை என்ன? ஆள் சேர்ப்பு இன்னும் திறந்திருக்கிறதா? கடைசித் தகவலைப் பல ஆய்வாளர்கள் புதுப்பிப்பதே இல்லை என்பதால் போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள். பதிவேட்டில் இருக்கிறது என்பதாலேயே அரசு அந்தச் சிகிச்சைக்கு முத்திரை குத்திவிட்டது என்று ஆகாது. பணம் வாங்கிக்கொண்டு 'ஸ்டெம் செல்' ஊசி போடும் இடங்கள் இந்தக் குழப்பத்தில்தான் பிழைக்கின்றன.

சேர முடியாமல் போவதற்கு அடிக்கடி காரணமாவது, நோய் தெரிவதற்கு முன்பே கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டு. காய்ச்சல், மூட்டுவலி என்று போன இடத்தில் ஒரு வாரம் பிரெட்னிசோலோன் கொடுத்திருப்பார்கள். ரத்தத்தில் புற்றணுக்கள் தற்காலிகமாகக் குறைந்து, நோய் எந்த அளவு தீவிரம் என்று கணிப்பதே குளறுபடியாகும். பல ஆய்வுகளில் அந்தக் குழந்தையைச் சேர்க்க மாட்டார்கள். பழைய மருந்துச்சீட்டுகளை எடுத்துப் போங்கள், மறைக்காதீர்கள். பயாப்ஸி எடுத்திருந்தால் ரிப்போர்ட் மட்டும் போதாது. திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்குங்கள். அதற்காகவே ஒரு வாரம் வீணாவது உண்டு.

செலவு யார் தலையில்

ஆய்வுக்காக மட்டும் செய்யப்படும் பரிசோதனை, ஆய்வு மருந்து இரண்டுக்கும் பெற்றோரிடம் பணம் கேட்கக் கூடாது. வழக்கமான சிகிச்சை, படுக்கை, ரத்தம், ஆன்டிபயாடிக் ஆகியவை பெரும்பாலான கல்விசார் ஆய்வுகளில் குடும்பத்தின் கணக்கில்தான் வரும். 'ஸ்டடியில் சேர்ந்தால் எல்லாம் இலவசம்' என்ற நினைப்பு இங்கேதான் உடைகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு முதலில் கைகொடுப்பது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை கிடைக்கும். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். ரேஷன் கார்டில் குழந்தையின் பெயர் சேர்க்கப்படாமல் இருப்பதுதான் பெரும்பாலும் வழியை அடைக்கும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மத்திய சுகாதார அமைச்சரின் புற்றுநோயாளர் நிதியும் உண்டு. அடையாறு, காஞ்சிபுரம் இரண்டும் அந்தப் பட்டியலில் உள்ள மண்டலப் புற்றுநோய் மையங்கள். ஏற்கெனவே கட்டிய பில்லுக்கு அந்த நிதி பணம் திருப்பித் தராது, ஆகவே தொடக்கத்திலேயே விண்ணப்பியுங்கள்.

ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி இரண்டிலும் புற்றுநோயாளிக்கு முழுக் கட்டணமும் தள்ளுபடி, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனைச் சான்று ரயில்வே படிவத்தில்தான் இருக்க வேண்டும்.

பாதிப்பு வந்தால்

டி.சி.ஜி.ஐ அனுமதியோடு நடக்கும் ஆய்வில், கடுமையான பாதிப்பு எதுவானாலும் 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் டி.சி.ஜி.ஐ, ஸ்பான்சர், நெறிமுறைக் குழு மூவருக்கும் தெரிவிக்க வேண்டும். வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும், ஆகவே உடனே சொல்லுங்கள். ஆய்வோடு தொடர்பில்லை என்று நிறுவப்படும் வரை அல்லது ஆய்வாளர் தேவை என்று கருதும் வரை, இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரை இலவச சிகிச்சை. இழப்பீடு இதற்கு மேல் தனியாக வர வேண்டியது.

இழப்பீட்டுக்கு அந்த 2019 விதிகளின் ஏழாம் அட்டவணையில் ஒரு கணக்கு இருக்கிறது. அடிப்படைத் தொகை ரூ.8 லட்சம். அதை வயதுக்கான எண்ணாலும் அபாய எண்ணாலும் பெருக்கி 99.37-ஆல் வகுக்க வேண்டும். 16 வயது வரை வயது எண் 228.54. அபாய எண், சேரும்போது குழந்தையின் நிலை எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது: 6 மாதத்துக்கு மேல் பிழைக்க வாய்ப்பில்லை என்ற நிலை 0.5, ஆறு முதல் 24 மாதம் என்றால் 1, நடுத்தர அபாயம் 2, குறைந்த அபாயம் 3, நோயில்லாதவர் 4. ஆறு வயதுக் குழந்தை, அபாய எண் 1 என்றால் சுமார் ரூ.18.4 லட்சம். எண் 2 என்றால் சுமார் ரூ.36.8 லட்சம். எண் 2 உள்ள அதே குழந்தை உயிர் பிழைத்து 40 சதவீத நிரந்தர ஊனம் என்று சான்று வந்தால், இறப்புக்கான தொகையில் 40 சதவீதம், அதில் மறுபடி 90 சதவீதம்: சுமார் ரூ.13.25 லட்சம். 0.5-க்கும் 2-க்கும் நடுவே தொகை நான்கு மடங்கு மாறுவதால், சேர்ந்த அன்று கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதிய நோய்நிலைதான் பின்னால் பேசும். அந்தப் பக்கத்தின் நகலையும் அப்போதே வாங்கி வையுங்கள்.

நெறிமுறைக் குழு தன் கருத்தை 30 நாளில் அனுப்ப வேண்டும். டி.சி.ஜி.ஐ 90 நாளில் முடிவு செய்ய வேண்டும். உத்தரவு வந்த 30 நாளில் ஸ்பான்சர் பணம் கட்ட வேண்டும். இழுபறி வருவது ஒரே கேள்வியில்தான்: நோய் முற்றியதால் வந்ததா, ஆய்வால் வந்ததா? நோய் முற்றியதற்கு இழப்பீடு இல்லை. மருந்தின் பக்கவிளைவு, ஆய்வுக்காகச் செய்த ஊசி, பரிசோதனை, ஆய்வுத் திட்டத்தை மீறியது, நல்ல சிகிச்சை இருந்தும் ஆய்வுத் திட்டத்தின் பேரில் அதைக் கொடுக்காமல் விட்டது ஆகியவை ஆய்வால் வந்தவையாகக் கொள்ளப்படும்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. ஆனால் மருந்தைத் திடீரென்று வீட்டில் நிறுத்திவிட்டுச் சொல்லாமல் இருக்காதீர்கள். சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் நிறுத்த முடியும்.

ஆய்வு முடிந்தபின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா? மாற்று சிகிச்சை இல்லாத நோயில், மருந்து பலன் தந்திருக்கிறது என்று ஆய்வாளர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழு ஏற்றால் ஸ்பான்சர் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 27-ஆவது விதி. அதன்பின் வரும் பாதிப்புக்கு ஸ்பான்சர் பொறுப்பல்ல என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அது விதியில் உள்ளதுதான், ஏமாற்று இல்லை.

ஆய்வே இல்லாத மருந்து

இந்தியாவில் கிடைக்காத மருந்தைத் தனிப்பட்ட குழந்தைக்காக வரவழைக்க 12ஏ படிவத்தில் விண்ணப்பித்து 12பி அனுமதி வாங்க வேண்டும். டாக்டரின் சீட்டில் நோய், மருந்து, அளவு எல்லாம் இருக்க வேண்டும். பொதுவாக ஒரு முறைக்கு 100 சராசரி வேளை அளவுக்கு மேல் வராது. அரசு மருத்துவமனை என்றால் மருத்துவமனையே சி.டி-24 படிவத்தில் கேட்கலாம். சிறு குழந்தைகளுக்கு வரும் நரம்பணுப் புற்றுநோயான நியூரோபிளாஸ்டோமாவுக்கான டினுடக்ஸிமாப் மருந்தைச் சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்தால் ஐ.ஜி.எஸ்.டி என்ற இறக்குமதி மீதான ஜி.எஸ்.டி வரி இல்லை என்று 2023 ஜூலையில் நடந்த 50-ஆவது ஜி.எஸ்.டி கவுன்சில் முடிவு செய்தது. அந்தக் குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். மருந்துச்சீட்டில் 'கே. அனுஷ்' என்றும் அனுமதியில் 'அனுஷ் கார்த்திக்' என்றும் இருந்தால் பெட்டி சுங்கத்தில் நிற்கும், உள்ளே ஐஸ் கரைந்துகொண்டிருக்கும். விண்ணப்பத்தை அனுப்பும் முன் எல்லாத் தாளிலும் குழந்தையின் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.