சாய்ந்த கைப்பேசிக்கு வடக்கு எப்படித் தெரிகிறது?

வரைபடத்தைப் பார்த்து நடப்பவர் எவரும் கைப்பேசியைத் தரைக்கு இணையாகப் பிடிப்பதில்லை. திரை கண்ணுக்குத் தெரியும்படி 40, 50 பாகையாவது சாய்த்தே பிடிக்கிறோம். அப்படிப் பிடித்தாலும் அதிலுள்ள திசைகாட்டி வடக்கைக் காட்டுவதற்குக் காரணம், அது புவியீர்ப்பைத் துணைக்கு அழைத்துக்கொள்வதுதான்.

காந்த உணரி, புவியின் காந்தப்புலத்தை மூன்று அச்சுகளில் அளந்து, அளவும் திசையும் கொண்ட ஒரு வெக்டராகத் தருகிறது. அந்த வெக்டர் வடக்கை நோக்கிக் கிடையாகப் படுத்திருப்பதில்லை. லண்டனில் அது ஏறத்தாழ 66 பாகை தரைக்குள் சரிந்திருக்கிறது. அதன் கிடைமட்டப் பங்கு மட்டுமே நமக்கு வேண்டும். எது கிடைமட்டம் என்பதை, முடுக்கத்தை அளக்கும் உணரியான முடுக்கமானி சொல்கிறது: கைப்பேசி அசையாதிருக்கையில் அது காட்டும் 9.8 மீ/வி² அளவுள்ள வெக்டர், கொத்தனாரின் தூக்குக்குண்டு நூலைப் போலச் செங்குத்தைக் குறிக்கிறது.

காந்த வெக்டரில் செங்குத்தின் வழியே செல்லும் பங்கைப் புள்ளிப் பெருக்கலால் (ஒரு வெக்டரில் இன்னொன்றின் திசையில் உள்ள பங்கைத் தரும் கணக்கு) கண்டு கழித்துவிட்டால், எஞ்சுவது கிடைத்தளத்தின் மீதான வீழல், அதாவது அதன் நிழல். அதுவே காந்த வடக்கு. ஆண்ட்ராய்டு இதே இடத்தை வேறு வழியில் அடைகிறது. காந்த வெக்டரை, முடுக்கமானி தரும் மேல்நோக்கிய வெக்டரோடு குறுக்குப் பெருக்கல் (இரண்டுக்கும் செங்குத்தான மூன்றாவது வெக்டரைத் தரும் கணக்கு) செய்தால் கிழக்கு வருகிறது. மேல்நோக்கிய வெக்டரை அந்தக் கிழக்கோடு பெருக்கினால் வடக்கு வந்துவிடுகிறது. ஒரு கோணத்தைக்கூடத் தனியே கணக்கிடத் தேவையில்லாத இந்த முறையை நான் மிக அழகானதாகக் கருதுகிறேன்.

சாய்வுக்கான இத்திருத்தம் இல்லாவிட்டால், லண்டனில் வடக்கு நோக்கி நிற்பவர் கைப்பேசியைப் பக்கவாட்டில் 10 பாகை சாய்த்தாலே திசை சுமார் 21 பாகை பிசகும். கன்னியாகுமரியில் அதே சாய்வு பெரிதாகக் கெடுக்காது. காந்தப்புலம் முழுக்கக் கிடையாக இருக்கும் கோடான காந்த நடுவரை அருகிலேயே செல்வதால் அங்கே புலம் ஏறக்குறைய கிடையாகவே இருக்கிறது. 1963-இல் இந்தியாவிலிருந்து முதல் விண்வெளி ஆய்வு ராக்கெட் ஏவப்பட்ட, திருவனந்தபுரம் அருகிலுள்ள தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் இந்த நடுவரையின் அருகாமையே காரணம்.

பேருந்து 2 மீ/வி² வேகத்தளர்ச்சியுடன் பிரேக் போடும்போதுதான் உண்மையான சிக்கல் எழுகிறது. முடுக்கமானிக்கு ஈர்ப்பையும் பேருந்தின் முடுக்கத்தையும் பிரித்தறியத் தெரியாததால், அது காட்டும் செங்குத்து ஏறத்தாழ 11.5 பாகை வளைந்துவிடுகிறது. அதன் மேல் எடுக்கும் வீழலும் பிழையாகிறது. ஆகவே மென்பொருள், முந்தைய செங்குத்தைச் சுழல்மானி (கைப்பேசி திரும்புவதை அளக்கும் உணரி) சொல்லும் சுழற்சிக்கு ஏற்பத் திருப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கணமும் அதை முடுக்கமானி காட்டும் திசையை நோக்கிச் சிறிதளவே வளைக்கிறது: பழையதில் 98 பங்கு, புதியதில் 2 பங்கு என்பது பரவலாக வழங்கும் கலவை. வெவ்வேறு திசையில் உள்ள இரண்டு அலகு வெக்டர்களை (நீளம் 1 உள்ளவை) இப்படிக் கலந்தால் நீளம் குறையும் என்பதால், அதை மீண்டும் 1 ஆக்கிய பிறகே அடுத்த வீழல் எடுக்கப்படுகிறது.