அந்தமான்ல உரசுனது செடி இல்லைங்க

இந்த லீவு முடிஞ்சதுல இருந்து இது மூணாவது கேஸ், அதான் உக்காந்து எழுதறேன். நான் சேலத்துல ஸ்கின் டாக்டர். கடல பாக்கணும்னா இங்கிருந்து ராத்திரி பஸ் ஏறணும், ஆனா கடல் ஜந்து கொட்டுன கையோட ஆளுங்க வந்துட்டே இருக்காங்க.

நேத்து வந்தது காலேஜ் படிக்கற பொண்ணு, கூட அவங்கப்பா. முன்கையில கோடு கோடா தடிச்சு செவந்து, நடுவுல சின்னச் சின்ன கொப்புளம், அது மேல காவி பூசி காஞ்சு போயிருக்கு. அக்கின்னு நெனச்சு ரெண்டு நாள் எழுதியிருக்காங்க. நெஜமாவே அக்கியா இருந்தாலும் 72 மணி நேரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிக்கணும்ங்க, காவி பூசிட்டு நாளக் கடத்தாதீங்க, இத எத்தன தடவ சொல்றது.

எங்கயாச்சும் வெளியூர் போனீங்களான்னு கேட்டேன். "போன வாரம் அந்தமான்ல ஹேவ்லாக் தீவுக்குப் போனோம் மேடம், அங்க எதுவும் கடிக்கலைங்க, தண்ணிக்குள்ள செடி தான் உரசுச்சு"ன்னாரு அப்பா. பொண்ணு சொன்னா, ஏற்காட்டுல பெரணி இலைய கையில அமுக்கி வெள்ளையா அச்சு எடுப்போம்ல, அதே மாதிரி அழகா இருந்துச்சு, அதான் தொட்டேன்னு.

அது செடி இல்ல. பாசியும் இல்ல. உயிரோட இருக்கற விலங்கு, பேரு ஹைட்ராய்டு. ஸ்கூல்ல படம் வரைஞ்சு பாகம் குறிச்சீங்களே ஹைட்ரா, அதோட சொந்தக்காரங்க. ஒரு தண்டுல நூத்துக்கணக்குல குட்டிக் குட்டியா ஒட்டிக்கிட்டு கூட்டமா வாழும், நீங்க இலைன்னு நெனைக்கறது பூரா வாயும் கொட்டற கையும் தான், தண்ணியில மெதந்து வர்ற கண்ணுக்குத் தெரியாத உயிரப் புடிச்சுத் திங்குது. கறுப்புத் தண்டு, வெள்ளை இறகு மாதிரி கிளைன்னு ஒரு வகை இருக்கு, பொண்ணு தொட்டது அனேகமா அதான். அந்தமான் மட்டும் இல்ல, லட்சத்தீவு, நம்ம மன்னார் வளைகுடாவுல இருக்கற 21 தீவு, எல்லாப் பக்கமும் ஹைட்ராய்டு இருக்கு. பாறை மேல, படகு கட்டற கயித்துல, ஜெட்டித் தூண்ல கூட வளரும். செடின்னு ஏமாறறது புதுசு இல்ல, 1740-கள்ல ஹாலந்துல டிரெம்ப்ளேன்னு ஒருத்தர் ஹைட்ரா செடியா விலங்கான்னு புரியாம வெட்டியே பாத்தாரு, ரெண்டு துண்டும் முழுசா வளந்து அவர இன்னும் கொழப்புச்சு, நகந்து போய் இரை புடிக்கறதப் பாத்துத்தான் விலங்குன்னு முடிவு பண்ணாரு. நெருப்புப் பவளம்னு சொல்றாங்களே அதுவும் இந்தக் குடும்பம் தான், பேர்ல மட்டும் பவளம்.

சில பேருக்கு உடனே எரியும். சில பேருக்கு தண்ணிய விட்டு வந்தப்புறம், ஏன் ஊருக்கே வந்தப்புறம் கூட தடிப்பு வரும், அடங்குனது திரும்பவும் கெளம்பும். அதனால தான் அக்கி, படை, பூச்சிக்கடின்னு சுத்திட்டு வர்றீங்க. இது தொத்தாது, கொழந்தைய தனியா படுக்க வைக்காதீங்க.

பட்டுடுச்சுன்னா தேய்க்காதீங்க. டவல், மணல், எலுமிச்சம்பழம் எதுவும் வேணாம். கடல் தண்ணியிலயே அலசுங்க, நல்ல தண்ணி ஊத்துனா வெடிக்காம மிச்சம் இருக்கற கொட்டற செல்லும் சேர்ந்து வெடிக்கும். ஒட்டியிருக்கற துணுக்க இடுக்கியால எடுங்க, வெறுங்கையால வேணாம். அப்புறம் தாங்கற சூட்டுல, 45 டிகிரிக்கு மேல போகாம, வெந்நீர்ல இருபது நிமிஷமாச்சும் முக்கி வைங்க. வினிகர் எல்லா ஜந்துக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது, நீங்களா ஊத்தாதீங்க. மூச்சு வாங்குனா, மொகம் வீங்குனா, தலை சுத்துனா, கண்ணுல பட்டா நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.

மெடிக்கல்ல கேட்டு வாங்கற ட்யூப், அதுல ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் எல்லாம் ஒண்ணா கலந்திருக்கும், தயவு செஞ்சு அத மட்டும் தடவிட்டு வராதீங்க, தோல் கெட்டதுக்கப்புறம் எது நோய் எது மருந்துன்னு எங்களாலயே பிரிச்சுப் பாக்க முடியல.

ஸ்நார்கலிங், டைவிங் போனா முழுக்கை டிரஸ் கேட்டு வாங்கிப் போடுங்க, கயித்தப் புடிச்சு எறங்கும்போது அதுல என்ன மொளச்சிருக்குன்னு பாருங்க, கரையில காஞ்சு கெடக்கறதும் கொட்டும். உள்ள ஒண்ணையும் தொடாதீங்கப்பா, பாத்துட்டு மட்டும் வாங்க. திரும்பி வந்து ரெண்டு மூணு வாரத்துக்குள்ள தோல்ல எது வந்தாலும், கடலுக்குப் போனத சீட்டு போடும்போதே சொல்லிடுங்க.